பனியில் கால் வைத்தல்

தமிழில் பனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது புல்லில் நிற்கும் நீர்த்துளிதான். மார்கழி, தை மாதங்களில் தலையில் பனி படாமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சுபஹுக்குப் போகச் சொல்வார்கள் எங்கள் உம்மாமார். வானத்திலிருந்து பஞ்சாக இறங்கி, முழங்கால் மட்டும் குவிந்து, மாதக்கணக்கில் கிடக்கும் அந்த மற்றப் பொருளுக்கு நம்மிடம் தனிச் சொல் இல்லை. அதற்கும் பனி என்றே பெயர் வைத்துச் சமாளிக்கிறோம். நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையில் புல்வெளி வெளுத்துப்போனால் 'பனி பொழிந்தது' என்று பேசிக்கொள்கிறார்கள். அது உறைந்த துளி. வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது.

ஆனால் அந்த மற்றப் பொருளை நாம் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஜனாஸாத் தொழுகையில் மூன்றாம் தக்பீருக்குப் பின், மையித்தை நீரினாலும் பனியினாலும் ஆலங்கட்டியினாலும் கழுவுமாறு துஆ கேட்கிறோம். 'ஸல்ஜ்' என்ற அந்த அறபுச் சொல்லை, பனியைக் கண்ணாலும் காணாத எத்தனை தலைமுறை நம் மண்ணில் முணுமுணுத்திருக்கும்! இதனால்தான் எனக்குப் பனியில் ஆசை பிறந்தது என்று சொன்னால் அது அழகான பொய்யாகிவிடும். ஆசையை மூட்டியது துபாய்.

அங்கே ஒரு கொம்பனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், 2005 டிசம்பரில், 'மோல் ஒஃப் தி எமிரேட்ஸ்' கடைத்தொகுதிக்குள் 'ஸ்கீ துபாய்' திறக்கப்பட்டது. கூரைக்குக் கீழே 22,500 சதுர மீற்றர் பனி. வெளியே நாற்பது பாகையைத் தாண்டும் கோடையிலும் உள்ளே பூச்சியத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு பாகை. இரவில் குளிரை இன்னும் இறக்கி, நீரை நுண்துளிகளாகத் தூவிப் பனியாக்கிப் பகலுக்கு விரித்துவைப்பார்கள். மிக நீளமான சரிவு 400 மீற்றர். கீழே வந்து சேர ஒரு நிமிடமும் ஆகாது. நுழைவுச் சீட்டோடு சட்டை, காற்சட்டை, சப்பாத்து, பலகை எல்லாம் தருவார்கள். கையுறையும் தொப்பியும் நம் பொறுப்பு. நான் மோட்டார் சைக்கிள்காரர் போடும் கையுறையோடு போனேன்.

வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த 400 மீற்றரில் நான் சந்தோஷப்பட்டதுபோல் அந்நகரத்தில் வேறெங்கும் சந்தோஷப்பட்டதில்லை. பலகை இரண்டையும் ஆப்புப்போல் முன்னே குவித்து வேகத்தைக் குறைப்பது, பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றித் திரும்புவது, விழுந்தால் பக்கவாட்டில் விழுவது என்று முப்பத்து நான்கு வயதில் குழந்தைபோல் கற்றுக்கொண்டேன். உடம்புக்கு ஒரு புதுப்பாடம் கிடைப்பதில் இருக்கும் இன்பத்தை, கதிரையில் இருந்தே ஆயுளைக் கழிக்கும் என்னைப்போன்றோர் அறிவது அபூர்வம்.

அந்த இடத்துக்கு ஒரு பெரிய கண்ணாடிச் சுவர் உண்டு. கடைத்தொகுதியில் நடப்பவர்கள் நின்று உள்ளே பார்க்கலாம், காசில்லை. அந்நாட்களில் அங்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஜும்ஆ முடிந்து பின்னேரம், தொழிலாளர் முகாம்களிலிருந்து பஸ் ஏறி வந்த நம் நாட்டவரும், கேரளத்தவரும், வங்காளிகளும், பட்டாணிகளும் கழுவித் தேய்த்த சட்டையோடு அந்தக் கண்ணாடியின் முன் நிற்பார்கள். கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள். உள்ளே நின்று பார்த்தால் அவர்கள் தெரிவார்கள். கண்ணாடியின் எந்தப் பக்கம் நிற்பது என்பது உழைப்பினால் அல்ல, சம்பளப் பட்டியலின் வரிசையினால் தீர்மானமாகிறது. அந்தப் பட்டியலை எழுதுபவனே நான்தான் என்பதால் யாரும் எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பாலைவனத்தில் பனி செய்ய எவ்வளவு மின்சாரம் எரிகிறது என்று கட்டுரை எழுதுவோர் கேட்பது நியாயம். என்னை உறுத்தியது மின்சாரத்தைவிட அந்தக் கண்ணாடி.

லெபனானுக்குப் போனது வேலை விஷயமாக, 2009 பெப்ரவரியில். காலையில் மலையில் சறுக்கி மாலையில் மத்தியதரைக் கடலில் நீந்தலாம் என்பது லெபனானியரின் பழைய பெருமை. அது வெறும் பேச்சல்ல. பெய்ரூட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏறினால் பராயா. அதற்கு மேலே ம்ஸார். உச்சி 2,465 மீற்றர். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து கடல் நீலக்கோடாகத் தெரியும். வடக்கே தேவதாரு மரங்கள் நிற்கும் பிஷர்ரீயில் 1930களிலேயே பிரெஞ்சுப் படையினர் பனிச்சறுக்குப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். கலீல் ஜிப்ரானின் ஊரும் அதுவே. நமது வாசகர்கள் ஜிப்ரானைத் தேடித்தான் அங்கு போவார்கள். நான் பலகையைத் தேடிப் போனேன்.

ம்ஸாரில் சறுக்கிய முதல் நாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத முடியும். கூரையில்லாத பனி. காற்று முகத்தில் அறைகிறது. ஒரு திருப்பத்துக்கும் மறு திருப்பத்துக்கும் இடையில் சத்தமே இல்லாத ஒரு கணம் வருகிறது. அதுவெல்லாம் உண்மை. ஆனால் அந்த மலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அடிவாரத்து உணவகத்தின் வெளிவாங்குதான்.

அதில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் யாரோ ஒரு பிள்ளையின் சட்டை, சப்பாத்து, தின்பண்டப் பை. பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா, இலங்கை. லெபனான் அறபுப் பேச்சுவழக்கில் 'ஸ்ரீலங்கிய்யே' என்பது நாட்டின் பெயராக மட்டும் நிற்கவில்லை. அது 'வீட்டு வேலைக்காரி' என்ற அர்த்தத்துக்கே வந்துவிட்டது. 'எங்கள் ஸ்ரீலங்கிய்யே பிலிப்பைன்ஸ்காரி' என்று சொல்வார்களாம். 2006 யுத்தம் மூண்டபோது எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கையர் அங்கு இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின, பெரும்பாலோர் இப்பெண்களே.

நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒருத்தி எழுந்து நின்றாள். தலையில் முக்காடு. காலில் மெல்லிய துணிச் சப்பாத்து.

"நானா, நீங்க சிலோனா?"

அம்பாறைக் கரையோரத்து ஊரொன்றைச் சொன்னாள். சுனாமியில் வீடு போய், கட்டித் தருவதாகச் சொன்ன வீடு வராமல், வாப்பா காரியங்களை முடித்து அனுப்பி வைத்தாராம். வந்து மூன்று வருடம்.

"ஒவ்வொரு வருசமும் இஞ்ச கூட்டி வாறாங்க நானா. ஒரு நாளும் அதுல கால் வெச்சதில்ல."

"ஏன் தங்கச்சி?"

"சப்பாத்து நனஞ்சா காயப்போட வேற சோடி இல்ல. அதோட, பிள்ளைய விட்டுட்டு எழும்பினா மேடம் ஏசுவா." கொஞ்சம் பேசாமல் நின்றாள். "ஊருக்குப் போன் எடுத்தா மட்டும், பனிக்குள்ள விளையாடினன் எண்டு சொல்லுவன்."

அவளுக்கு நான் எதுவும் செய்யவில்லை. செய்யக்கூடியதும் இருக்கவில்லை. கடவுச்சீட்டு எசமானின் அலுமாரியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் வழிப்போக்கன் என்ன செய்ய முடியும்? அன்று பின்னேரமும் சறுக்கினேன், மறுநாளும் சறுக்கினேன். நன்றாகவே சறுக்கினேன். 2019இல் அந்நாட்டின் வங்கிகள் விழுந்து நாணயம் மண்ணாகிப்போனபோது, சம்பளமில்லாமல் தெருவில் விடப்பட்ட பணிப்பெண்களின் படங்கள் வந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் முகம் எங்கே நினைவிருக்கிறது!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது குல்மார்க். ஆகவே அதோடுதான் கணக்கும் அதிகம்.

காஷ்மீரின் ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். கௌரிமார்க் என்றிருந்த பெயரைப் பதினாறாம் நூற்றாண்டில் சுல்தான் யூசுஃப் ஷா சக் 'மலர்ப் புல்வெளி' என்று மாற்றினார். புல்வெளியே 2,650 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பியில் தொங்கும் பெட்டிகள் இரண்டு கட்டமாக அபர்வத் மலையின் தோளுக்கு, 3,900 மீற்றருக்கும் மேலே கொண்டுபோகின்றன. முதற்கட்டம் 1998இலும் இரண்டாவது 2005இலும் ஓடத் தொடங்கின. 1980களின் இறுதியில் ஆரம்பித்த வேலை, கலவரத்தால் வருடக்கணக்கில் நின்றுபோனது. உச்சியில் இறங்கினால் மூச்சு வாங்கும். எல்லைக் கோடு அந்த மலைகளுக்கு அப்பால் அதிக தூரத்தில் இல்லை. உயர்மலைப் போருக்குச் சிப்பாய்களைப் பயிற்றும் இராணுவப் பள்ளியும் இதே ஊரில்தான். 2010 பெப்ரவரியில் பயிற்சியிலிருந்த பதினேழு பேர் பனிச்சரிவில் மாண்டார்கள். வெள்ளைச் சீருடைச் சிப்பாய்கள் வரிசையாகச் சறுக்கிப்போகும் பக்கத்திலேயே உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யுத்தத்தைச் சோதனைச்சாவடியில் நின்று பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருப்பதில்லை. அதுதான் அந்தரம்.

அங்கே என் மனம் நிறைந்த நாள் ஒன்றுண்டு. மேலிருந்து காட்டுவழியாகப் பைன் மரங்களுக்கிடையே சறுக்கிக்கொண்டே இறங்கினால் பாபா ரேஷி ஸியாரத்துக்குப் போய்ச் சேரலாம். பதினைந்தாம் நூற்றாண்டு இறைநேசரின் அடக்கஸ்தலம். பலகையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனோம். காஷ்மீரில் பள்ளிவாசல்களோடு 'ஹம்மாம்' என்று ஓர் அறை இருக்கும். கற்பலகைத் தரைக்குக் கீழே விறகு எரிப்பார்கள். கிழவர்கள் அந்தச் சூட்டில் சம்மணமிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். நம்மூர்ப் பள்ளித் திண்ணைக்கு நெருப்பு வைத்ததுபோல! சிறுவயதில் ஓதப்பள்ளியில் லெப்பை, தோல் காலுறையின் மேல் மஸ்ஹு செய்யும் சட்டத்தை எங்களுக்கு மனனம் செய்வித்தார். ஊரில் இருப்பவனுக்கு ஒரு நாள், பிரயாணிக்கு மூன்று நாள். வேர்வையில் புழுங்கும் அந்த ஓலைக்கொட்டிலில் இது எதற்கென்று எங்களுக்கு விளங்கவேயில்லை. என் வழிகாட்டி குப்பின் மேல் ஈரக்கையைத் தடவிவிட்டு லுஹருக்கு நின்றபோது விளங்கியது.

குல்மார்க்கில் பலகையில் சறுக்குபவர்கள் சிலரே. பெருங்கூட்டம் 'சிலெட்ஜ்' எனும் மரச்சட்டத்தில் இருந்துகொள்ள, ஒருவர் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார். பெரனுக்குள் காங்ரி நெருப்புச்சட்டி, காலில் இறப்பர்ச் சப்பாத்து, வயது அறுபதுக்கு மேல் இருக்கும் ஒருவர் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். வாப்பாவின் தாடி. ஏற மாட்டேன் என்றேன். காசை மட்டும் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் கேட்டது கூலி, ஸதகா அல்ல என்றார் உருதுவில். எனக்கு விளங்கக்கூடிய மெதுவான உருது. இருவரும் பனியில் நின்றோம். கடைசியில் ஏறி இருந்தேன். நூறு மீற்றர் இழுத்தார். அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். இறங்கியதும் காசை எண்ணி வாங்கி, ஸலாம் சொல்லி, அடுத்தவரைத் தேடிப் போய்விட்டார். அவருக்கு அது முடிந்த காரியம். மனிதனை மனிதன் இழுப்பது இழிவு என்று எழுதும் நண்பர்கள், அந்த மூன்று மாத வருமானத்துக்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்றும் எழுத வேண்டும். 2019 ஓகஸ்டில் எல்லாம் பூட்டப்பட்டபோதும், 2025 ஏப்ரலில் பஹல்காமில் இருபத்தாறு பேர் கொல்லப்பட்டு பயணிகள் ஓடிப்போனபோதும், முதலில் அடுப்பு அணைந்தது இவர்கள் வீடுகளில்தான்.

அதே ஊர்ப்பக்கம்தான் ஆரிஃப் கானையும் தந்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர், தன்மார்க்கைச் சேர்ந்த இந்த இளைஞர். அவருக்கு முன்பே 1988இல் கல்கரிக்குப் போனவர் குல்மார்க்கின் குல் முஸ்தபா தேவ். ஆகவே அந்தப் பனியில் காஷ்மீரிகள் சுமைதூக்கிகள் மட்டுமே என்று நான் எழுதினால் அது அநியாயம்.

இப்போது பனியே தயங்குகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகரும் காற்றுக் குழப்பங்கள்தான் ஈரான், ஆப்கானிஸ்தான் கடந்து காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அவர்கள் 'சில்லை கலான்' என்பார்கள். 2024 ஜனவரியில் அந்த நாற்பதில் பெரும்பகுதி பனியில்லாமலே போனது. என் வழிகாட்டி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். நான் விழுந்து எழும்பிய சரிவு முழுக்க மண்ணிறப் புல். கீழே ஒரு வரியும் இல்லை. மாத இறுதியில்தான் பனி வந்தது. 2025இலும் பனி போதாமல் தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் குல்மார்க் பகுதியைப் பெப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். பனி பொய்த்தால் போவது சறுக்கு மட்டுமல்ல. ஜீலம் ஆற்றின் நீரும் அப்பிள் தோட்டங்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அங்கே பறந்துபோய் இறங்கும் என் விமானத்தின் புகையும் இந்தக் கணக்கில் ஒரு வரி என்பது எனக்குத் தெரியும்.

என் பலகைகளை நான் ஊருக்குக் கொண்டுவருவதில்லை; கொண்டுவந்து எங்கே போடுவது? வழிகாட்டியின் வீட்டு மேல்மாடியில், வைக்கோலுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. துரு ஏறாதபடி விளிம்பைத் தீட்டி, அடியில் மெழுகு பூசி, ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் படம் அனுப்புவார். இந்த முறையும் அனுப்பியிருக்கிறார். கொழும்பிலிருந்து டில்லி வழியாக ஸ்ரீநகருக்கு டிக்கட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.