பேரை மாத்தினது யாரு?

எங்க ஊர் எட்டயபுரம். பாரதி பொறந்த ஊர்னு சொன்னா சட்டுனு தெரிஞ்சிடும். ஆனா, வீட்டுல அவர் சுப்பையாதான். 1893-ல், பதினோரு வயசுல, சமஸ்தானத்துப் புலவர்கள் சபையிலதான் ‘பாரதி’ங்கிற பட்டம் கிடைச்சது. இந்தப் பேர் விஷயம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல கைகொடுக்கும்னு சத்தியமா நினைக்கலை!

எங்க கரிசல் காடு மானாவாரி. மழை பெய்ஞ்சாத்தான் பருத்தி, உளுந்து. பல வருஷ மழை அளவுக்குச் சராசரி போட்டு கிராஃப் வரையறதுதான் ப்ராஜெக்ட். கணக்கு வேகமா ஓடணும்னு நண்பன் அதை ‘சி’யில எழுதினான். கிராஃப் என் பொறுப்பு, பைத்தான்ல. ரெண்டையும் இணைக்க ‘சிடைப்ஸ்’. 2006-ல் வந்த பைத்தான் 2.5-லிருந்து இது கூடவே வருது.

ரிவ்யூவுக்கு ரெண்டே நாள். லைப்ரரியை லோடு பண்ணினா ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ங்குது. அதே ஃபோல்டர்ல கண்ணு முன்னாடி இருக்கு! லினக்ஸ் தனக்குப் பழக்கமான இடங்கள்லதான் லைப்ரரியைத் தேடுமாம்; நாம நிக்கிற ஃபோல்டரைப் பார்க்காதாம். ஃபைல் பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு போட்டதும் லோடு ஆயிடுச்சு.

அடுத்த அடி: ‘அன்டிஃபைன்டு சிம்பல்: சராசரி’.

“ஏல, நீ அந்த ஃபங்ஷனையே எழுதலை!”

“என் கோடு ஜம்முனு ஓடுதுல. உன் பைத்தான்லதான் தப்பு!”

அவ்வளவுதான். அன்னிக்கு மெஸ்ல ஆளுக்கொரு டேபிள்.

ராத்திரி ‘என்எம்’ கமாண்டைப் போட்டு, லைப்ரரிக்குள்ள என்னென்ன பேர் இருக்குன்னு பார்த்தேன். சராசரி இருந்துச்சு. ஆனா முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர், இசட், 8. பின்னாடி பி, டி, ஐ! பய, ‘சி’ கோடை ‘சி ப்ளஸ் ப்ளஸ்’ கம்பைலர்ல போட்டிருக்கான். அதுல ஒரே பேர்ல பல ஃபங்ஷன் இருக்கலாம். குழப்பம் வரக் கூடாதுன்னு கம்பைலரே பேரை மாத்திடும். 8-னா இங்கிலீஷ்ல எட்டெழுத்துப் பேர். பி, டி-ன்னா டபுள் பாயிண்டர். ஐ-ன்னா இன்டிஜர். பைத்தான் சுப்பையாவைத் தேடியிருக்கு. உள்ளே பாரதி உட்கார்ந்திருக்கார்!

நடு ராத்திரியில அவனை உலுக்கி எழுப்பினேன். “பேரை மாத்தாதேன்னு கம்பைலர்கிட்ட சொல்லுல.” ஃபங்ஷனுக்கு முன்னாடி ‘எக்ஸ்டர்ன் சி’ன்னு சேர்த்தான். எரர் போயே போச்சு.

ஆனா விடை? மழைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு நம்பர்! நாம எதுவும் சொல்லலைன்னா, திரும்பி வர்ற விடை முழு எண்தான்னு சிடைப்ஸ் எடுத்துக்கும். எங்க சராசரியோ தசம எண். ‘ரெஸ்டைப்’ல டபுள்னு சொன்ன பிறகுதான் சரியான கணக்கு வந்துச்சு.

“உன்னைத் திட்டியிருக்கக் கூடாதுல”ன்னேன். “முதல்ல டீ வாங்கிக் கொடுல”ன்னான்.

அவன் கணக்கும் சரி, என் கிராஃபும் சரி. நடுவுல பேர்தான் மாறிப்போச்சு. உங்களுக்கும் இந்த எரர் வந்தா, நண்பனைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை ‘என்எம்’ போட்டுப் பாருங்க பாஸ்!