கூரியர் போகும் திசை

திருநீர்மலைப் பெருமாளுக்கு நான்கு கோலம். நின்றவர் நீர்வண்ணர், அடிவாரத்தில். இருந்த நரசிம்மர், கிடந்த ரங்கநாதர், நடந்த உலகளந்தவர், மூவரும் மலைமேல். திருமங்கையாழ்வார் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். எதிரே ஆறு மாதம் தங்கி, நீர் வடிந்த பிறகுதான் ஏறினார் என்பது தல வரலாறு. ஆழ்வாரின் பொறுமைக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். என் புத்தி வேறு பக்கம் போகிறது. அந்த ஆறு மாதமும் மலைமேல் இருந்த அர்ச்சகருக்கு அரிசி எங்கிருந்து வந்தது?

*

கீழ் வீட்டு சார் விமானப்படையில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் பக்கம் இப்படி நிறையப் பேர். கடைசிப் பணியிடம் தாம்பரம் விமானப்படை நிலையம் என்றால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் கோயில், கால் கிரவுண்டு மனை என்று அப்படியே இங்கே வேர் பிடித்துவிடுவார்கள். கார் நிகோபார் என்று அவர் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "கார்னிக்"தான். தாம்பரத்திலிருந்து அந்தமான் பக்கம் போகும் விமானப்படை விமானத்துக்குப் பெயர் "கூரியர்". ஆள், மருந்து, உதிரிபாகம், தபால் எல்லாம் அதில்தான்.

அங்கே குடும்பத்தோடு இருந்த காலத்தை அவர் மனைவி சொல்வார்: "கூரியர் வந்தாத்தான் தம்பி வெங்காயம், தக்காளியெல்லாம். மழை பிடிச்சு ரெண்டு வாரம் வரலேன்னா பருப்பும் அப்பளமும்தான். தேங்காய்க்கு மட்டும் பஞ்சமே கிடையாது."

தீவுப் பாதுகாப்பு பற்றித் தடித்தடியாக அறிக்கைகள் வருகின்றன. இந்த வெங்காயக் கணக்கு அவற்றில் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் பின்னிணைப்பில்.

*

தூரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வான்வழியில் சுமார் 1,370 கி.மீ. கப்பலில் இரண்டரை நாள். கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பே 1,600 கி.மீ.க்கு மேல். அந்தத் தீவின் தென்கோடி இந்திரா முனையிலிருந்து சுமத்ராவோ 150 கி.மீ.தான். கூப்பிடு தூரத்தில் இருப்பது வேறு நாடு. கூப்பிட்டால் வரவேண்டியவர்கள் தாம்பரத்திலும் அரக்கோணத்திலும்.

*

2004 டிசம்பர் 26. நிலம் ஆடியது காலை 6.29க்கு. கார் நிகோபாரில் சில நிமிடங்களில் அலை. சென்னைக் கரையில் ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

அந்த இடைவெளியில் நடந்ததை, அப்போதைய விமானப்படைத் தளபதி எஸ். கிருஷ்ணசாமி பின்னால் பத்திரிகைக்குச் சொன்னார். ஏழரை மணிக்கே சென்னைப் பிரிவிலிருந்து நிலநடுக்கச் செய்தி. தொடர்புகள் அறுந்துகொண்டே வர, கார்னிக் தளத்திலிருந்து கடைசியாக வந்த தகவல், தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்பது. எட்டேகால் வாக்கில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறார். மெரினாவில் அப்போது கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், நடை போய்க்கொண்டிருந்தார்கள், மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வானிலைத் துறை தன் பங்குக்கு அமைச்சருக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. அது போனது முரளி மனோகர் ஜோஷிக்கு. அவர் அமைச்சர் பதவியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. சிரிக்கத் தோன்றும், ஆனால் சிரிக்க முடியாது.

யாரும் கடமை தவறினார்கள் என்று நான் எழுதவில்லை. செய்தி மேலே போனது, படிப்படியாக, முறைப்படி. பக்கவாட்டில் போகத்தான் வழியில்லை. தீவு மூழ்குகிறது என்று கேட்ட ராணுவக் காதுக்கும் நொச்சிக்குப்பத்து மீனவர் காதுக்கும் இடையில் கம்பியும் கிடையாது, வழக்கமும் கிடையாது.

*

கார்னிக் தளத்தில் விமானப்படையினரும் குடும்பத்தினருமாக நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். குடியிருப்புகள் கடலோரம். ஓடுபாதையில் ஒரு பகுதி தப்பியதால்தான் இங்கிருந்து போன விமானங்கள் இறங்க முடிந்தது.

"ஆபத்து வந்தால் ராணுவம் வரும்" என்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன ஆறுதல். தீவில் ராணுவமும் அதே மணலில்தான் வீடு கட்டியிருக்கிறது. காப்பாற்ற வேண்டியவனுக்கும் அன்று காலை காப்பாற்ற ஒரு ஆள் தேவைப்பட்டது. முப்படைக்கும் ஒரே தலைமை என்று கார்கிலுக்குப் பிறகு, 2001 அக்டோபரில், போர்ட் பிளேரில் அந்தமான் நிகோபார் கட்டளையகம் வந்திருந்தது. நாட்டிலேயே அப்படி முதல் கட்டளையகம். அதன் முதல் பெரிய சோதனையில் எதிரி தரப்பில் ஒரு படகுகூட இல்லை.

லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள், கடல் உள்வாங்கியதும் மேட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். பாட்டன் சொன்ன கதை போதுமாயிருந்தது. கருவி வேண்டாம் என்பதற்காக இதைக் குறிக்கவில்லை. செய்தி கேட்டவன் எழுந்து நடக்கும் தூரத்தில் மேடு இருந்தது, அதற்காக.

*

நம் ஆட்களும் அங்கே உண்டு. 1969 முதல் கிரேட் நிகோபாரில் முன்னாள் ராணுவத்தினரைக் குடும்பத்தோடு குடியேற்றினார்கள். பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம் என்று பல மாநிலத்தவர், தமிழரும். காலி நிலம் எல்லைக்கு ஆகாது, உழுகிறவன் இருந்தால் அதுவே காவல் என்ற கணக்கு. கச்சாலில் ரப்பர்த் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள். ஒரு தீவிலிருந்து கிளப்பி இன்னொரு தீவில் இறக்கினார்கள். சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று.

பிழைத்த நிகோபாரிகளுக்குத் தகரக் கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். ஓலை வேய்ந்து, கால் நாட்டி, காற்று அடியில் புகுந்து போகும் வட்ட வீட்டில் வாழ்ந்தவர்களை, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், தகரத்துக்கு அடியில். இந்த யோசனை எந்த அறையில் பிறந்திருக்கும்? ஏ.சி. அறை என்பது என் ஊகம்.

*

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரைக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஏஎன்-32 கூரியர், 29 பேரோடு வங்கக் கடல்மேல் மறைந்தது. கப்பல், விமானம், நீர்மூழ்கி எல்லாம் தேடின. செப்டம்பரில் 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குக் கடிதம் போயிற்று.

2024 ஜனவரியில்தான் சிதிலம் தென்பட்டது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ., ஆழம் 3,400 மீட்டர். கண்டுபிடித்தது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம். வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் தினமும் கடக்கும் வாசல் அது. விமானம் கிளம்பிய இடத்துக்கும் கண்டெடுத்த கலத்தின் வீட்டுக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ தூரம். விடை வர ஏழரை ஆண்டு.

கீழ் வீட்டு சார் இதைப் பற்றிப் பேசமாட்டார். "அந்த ரூட்ல நானும் போயிருக்கேன் சார்," அவ்வளவுதான்.

*

வெளியே பார்த்தால், 2017 செப்டம்பரில் இர்மா புயல். கரீபியனில் பிரிட்டனுக்குச் சொந்தமான குட்டித் தீவுகள். புயல் பருவத்துக்காக மவுண்ட்ஸ் பே என்ற துணைக் கப்பலை முன்கூட்டியே அங்கே நிறுத்தியிருந்தார்கள், அது உடனே அங்குயிலாவுக்குப் போனது. பெரிய கப்பலான ஓஷன் மத்தியதரைக் கடலிலிருந்து திருப்பிவிடப்பட்டு வந்து சேரும்போது இரண்டு வாரம் ஓடிவிட்டது. லண்டனில் நாடாளுமன்றத்தில் ஒரே சத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2020இல் கேமன் தீவுகளும் டர்க்ஸ் கைக்கோஸும் உள்ளூர் ஆட்களைக் கொண்டே சிறு படைப்பிரிவுகளை அமைத்தன. பேருக்கு ரெஜிமென்ட், முதல் வேலை புயலன்று பாதை திறப்பது, தண்ணீர் கொடுப்பது. எதிரி என்ற சொல் அவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் காற்றையே குறிக்கும்.

தொலைவிலிருந்து வரும் பெரிய கப்பல் படத்துக்கு நன்றாயிருக்கும். முதல் மூன்று நாள் உள்ளூரில் இருக்கும் ஆளும், மூட்டையும், டீசலும்தான்.

*

இதை நாமே பட்டுத் தெரிந்துகொண்டோம். 2015 டிசம்பர் 2. அடையாறு பெருகி, மீனம்பாக்கம் ஓடுபாதை தண்ணீரில். முடிச்சூர், வரதராஜபுரம் மொட்டைமாடிகளில் ஜனம். தாம்பரம் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள். பயணிகள் விமானங்களை அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இறக்கினார்கள். சென்னை தீவாகிவிட்டது என்று ராஜ்நாத் சிங் மக்களவையில் சொன்னார். அந்தமானுக்கு உதவி அனுப்பும் கரையே தீவு!

எங்கள் தெருவில் போன் செத்திருந்தது, ஏடிஎம் செத்திருந்தது, பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது. அன்றைக்குச் சமைத்தது யார்? மாதாந்திர மளிகையை முதல் தேதியிலேயே வாங்கிவைக்கும் பழக்கமுள்ளவர்கள். கீழ் வீட்டில் அன்று பெரிய குக்கரில் சாம்பார் சாதம். மாடிப்படி முழுக்கத் தட்டுகள். "கார்னிக் பழக்கம்," என்றார் அந்த அம்மா. பத்து நாள் கையிருப்பு இல்லாமல் அவர் வீடு இருந்ததே இல்லையாம்.

*

முன்னேற்றமும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் புலம்பலாகிவிடும். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் ஆடியபோது எச்சரிக்கை சில நிமிடங்களில் வந்தது; பெரிய அலை வரவில்லை. அதே 2012 ஜூலையில் கேம்ப்பெல் பேயில் ஐஎன்எஸ் பாஸ் கடற்படை விமான நிலையம். 2020 ஆகஸ்ட் 10 முதல் சென்னையிலிருந்து அந்தமான் நிகோபாருக்குக் கடலடி ஒளியிழைக் கம்பி, சுமார் 2,300 கி.மீ., கார் நிகோபாரையும் கமோர்ட்டாவையும் கிரேட் நிகோபாரையும் தொட்டு. அதுவரை எல்லாமே செயற்கைக்கோளை நம்பித்தான். கம்பி நல்லது. நிலம் ஆடினால் கம்பியும் அறுபடலாம், ஆகவே பழைய ஹெச்.எஃப். ரேடியோவை யாரும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

*

கிரேட் நிகோபாரில் இப்போது பெருந்திட்டம். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், ராணுவத்துக்கும் பொதுமக்களுக்கும் பொதுவான விமான நிலையம், மின் நிலையம், நகரம். 70,000 கோடி ரூபாய்க்கு மேல். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி. தோல்முதுகு ஆமை முட்டையிடும் கடற்கரை, ஷோம்பென் மக்களின் காடு, இவற்றைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நியாயமான எழுத்து. மலாக்கா ஜலசந்தியின் வாயில் நமக்கு ஒரு கண் வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

என் சந்தேகம் எளிமையானது. 2004இல் இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. கேம்ப்பெல் பேயிலிருந்து அங்கே போன கரையோரச் சாலையும் துண்டு துண்டானது. அன்று அந்தத் தீவில் சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். நாளைக்கு லட்சக்கணக்கில் குடியேறப் போகிறவர்களுக்கு, நிலம் ஆடியதிலிருந்து அலை வரும்வரை அரை மணி நேரம்கூடக் கிடைக்காது. துறைமுகத்துக்கு எத்தனை பெட்டி கையாளும் திறன் என்று திட்டம் சொல்கிறது. மேட்டுக்குப் போகும் சாலைக்கும் ஓர் அகலம் சொல்லட்டும், மேட்டில் கட்டும் கிடங்குக்கும் ஒரு கொள்ளளவு சொல்லட்டும், அதுவும் முதல் கட்டச் செலவிலேயே.