டைகரோடு புலிக்காட்டுக்குப் போனேன்

போன இதழில் பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் கொடைக்கானல் சுற்றுலா பற்றி எழுதியிருந்தார்கள். படகு, தூண் பாறை, சாக்லேட் எல்லாம் வந்தது. நான் எழுதுவதும் பயணக் கட்டுரைதான். ஆனால் இதில் படகு கிடையாது. ஒரு குட்டியானை, ஒரு நாய், நிறைய கயிறு, மூன்று தேசியப் பூங்கா, ஒரு பொய். அவ்வளவுதான்.

குட்டியானை என்றால் அப்பா ஓட்டும் லோடு வண்டி. நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாய் பெயர் டைகர். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் தொங்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி மழையில் எங்க வாசலில் வந்து நின்றது, அப்புறம் போகவே இல்லை.

காலாண்டு லீவில் எங்க சித்தி வீட்டுச் சாமானை எல்லாம் குட்டாவில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டி இருந்தது. குட்டா கர்நாடகாவில் குடகு மாவட்டத்தில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சாமானை மட்டும் ஏற்றிப்போனால் டீசலுக்குக் கட்டாது என்று, மைசூர் கடை ஒன்றுக்குத் தேங்காய் நார்க் கயிறும் ஏற்றினார் அப்பா. அம்மாவும் தம்பியும் பாட்டி ஊருக்குப் போய்விட்டதால் டைகரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "வண்டியில ரெண்டு பேருக்குத்தான் சீட்டு. நீயும் வா அம்மிணி, அதையும் பின்னாடி கட்டிக்கலாம்" என்றார் அப்பா. எனக்கு ஒரே சந்தோஷம். வழியில் முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளெ என்று மூன்று தேசியப் பூங்கா வரும் என்று சமூக அறிவியல் மேப்பில் பார்த்து வைத்தேன். காட்டுக்குள்ளே தார்ப்பாயில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, டைகர் காவல் இருக்க, நாங்க சோறு ஆக்கிச் சாப்பிடுவதாக ஒரு வாரம் கனவு கண்டேன். டார்ச்சு லைட்டுக்கு பேட்டரி கூட வாங்கினேன்.

காலையில் கிளம்ப வேண்டியது. கயிறு லோடு வருவதற்கே மதியம் ஆகிவிட்டது. பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம். கல்லாறு செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நாங்கள் தூக்குப்போசியில் தண்ணீர் வைத்திருந்ததால் தப்பித்தோம். ஊட்டியை இருட்டில்தான் பார்த்தேன். குளிர் மட்டும் ஞாபகம் இருக்கிறது. நடுவட்டம் இறங்கும்போது பீரோ "டங் டங்" என்று அடிக்க, டைகர் ஊளையிட, அப்பா முதல் கியரிலேயே மெதுவாக இறக்கினார்.

கூடலூர் தாண்டி தொரப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு வந்தபோது மணி ஒன்பது இருபது. கேட்டை மூடிவிட்டார்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் முதுமலை, பந்திப்பூர் வழியாக வண்டி போகக்கூடாது. பந்திப்பூரில் 2009-லிருந்தே இந்தச் சட்டம் இருக்கிறதாம். முன்பெல்லாம் ராத்திரியில் வண்டி அடித்து மான், யானை, சிறுத்தை எல்லாம் செத்திருக்கிறது. இருபது நிமிஷத்தில் மாட்டிக்கொண்டோமே என்று அப்பாவுக்கு வருத்தம். எனக்கோ உள்ளுக்குள் குஷி. கூடாரம் போடலாமே! தார்ப்பாயை இழுக்க ஆரம்பித்தேன்.

அப்போது வனத்துறை அண்ணா ஒருவர் டார்ச்சோடு வந்தார். "கீழ படுக்காதீங்க. அடுப்புப் பத்த வைக்காதீங்க. யானை நடமாட்டம் இருக்கு" என்றார். பிறகு டார்ச்சைப் பின்னாடி அடித்து, "நாயா? அவுத்து விட்டுராதீங்க. ஊசி எல்லாம் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான், "போட்டாச்சுங்க" என்று சொன்னேன்.

அதுதான் அந்தப் பொய். ஆகஸ்ட் மாதம் கால்நடை மருந்தகத்தில் ஊசி போடும் முகாம் நடந்தது. டைகரைக் கூட்டிப்போக ஷேர் ஆட்டோவுக்கு அம்மா 40 ரூபாய் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் என் சிநேகிதி வீட்டில் சீர். நான் டைகரை அவள் வீட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். மிச்சக் காசில் பஜ்ஜியும் நெயில் பாலிஷும் வாங்கினேன். (நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்து திட்டு வாங்கியது நான்தான். இப்போது காரணம் தெரிந்திருக்கும்.) வீட்டில் கேட்டபோது ஊசி போட்டாச்சு என்று சொல்லியிருந்தேன். ஒருமுறை சொன்ன பொய்யை மறுபடி சொல்வது ரொம்ப சுலபமாக இருந்தது.

எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டோம். அப்பா சீட்டில் சாய்ந்தார். நான் பின்னாடி கயிற்றுக் கட்டுமேல் போர்வை விரித்து, மேலே தார்ப்பாய் மூடிப் படுத்தேன். முன்னாடியும் பின்னாடியும் வரிசையாக லாரிகள். இதுவும் கூடாரம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். டைகர் என் கால்மாட்டில் முனகிக்கொண்டே இருந்தது. கயிறு கழுத்தை இறுக்குகிறதோ என்று முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவ்வளவுதான் செய்தேன்.

எத்தனை மணி என்று தெரியாது. டைகர் குரைத்துக்கொண்டே வண்டியிலிருந்து குதித்தது. எதிர்ப்பக்கப் புதரில் மூங்கில் உடைகிற மாதிரி "படார் படார்" என்று சத்தம். அப்புறம் ஒரு பிளிறல். சினிமாவில் கேட்பது மாதிரி இல்லை, நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே கேட்டது. நான் என்னையும் மறந்து, "டைகர்! டைகர்!" என்று கத்தினேன்.

புலிகள் காப்பகத்து வாசலில், நடுராத்திரியில், ஒரு பொண்ணு "டைகர்! டைகர்!" என்று கத்தினால் என்ன ஆகும்? பீடி பிடித்துக்கொண்டு நின்ற லாரி கிளீனர்கள் எல்லாம் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தர் ஹாரன் அடித்தார். இன்னொருத்தர் ஹெட்லைட்டைப் போட்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்குக் கைகால் உதறியது.

டைகர் இருட்டுக்குள் ஓடிவிட்டது. அப்பா இறங்கப் பார்த்தார். பின் லாரி டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ஏனுங்க, புத்தி இருக்கா? நாய் போய் யானையைக் குரைக்கும். யானை துரத்தும். நாய் எங்க ஓடும்? வளர்த்தவங்ககிட்டதான் ஓடி வரும். பின்னாடியே யானையும் வரும். இத்தனை பேரு தூங்கறோம்" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. டைகர் நம்மைக் காப்பாற்றும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது யானையைக் கூட்டிக்கொண்டு வரும் என்று நினைக்கவே இல்லை.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. சத்தத்தைவிட அதுதான் பயமாக இருந்தது. சிறுத்தைக்கு நாய் என்றால் ரொம்பப் பிடிக்கும் என்று முன்பு எங்கோ கேட்டது அப்போது பார்த்தா ஞாபகம் வர வேண்டும்? தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து எல்லா சாமியையும் கும்பிட்டேன். வந்துட்டா உண்மையைச் சொல்லிடறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

விடிவதற்கு முன் டைகர் வந்தது. உடம்பெல்லாம் ஈரம், முதுகில் உண்ணிச்செடி முள், முன்னங்காலில் சின்னக் கீறல். வாலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டது. நான் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் உண்மையைச் சொன்னேனா? சொல்லவில்லை. வந்தபிறகு வேண்டுதல் மறந்துபோகிறது பாருங்கள்.

ஆறு மணிக்குக் கேட் திறந்தது. முதுமலைக் காடு பனியில் நனைந்து இருந்தது. தெப்பக்காட்டில் ஆஸ்கர் வாங்கிய படத்தில் வந்த ரகுவும் பொம்மியும் வளர்ந்த யானை முகாம் இருக்கிறது. நாயை வைத்துக்கொண்டு நிறுத்த முடியாது என்று அப்பா நிறுத்தவில்லை. கக்கநல்லா தாண்டினால் கர்நாடகா. அதே காடுதான், பெயர் மட்டும் பந்திப்பூர் என்று மாறுகிறது. மான்களுக்கு எல்லைக்கோடு தெரியாது.

அங்கேதான் செந்நாய்களைப் பார்த்தேன். ஏழோ எட்டோ இருந்தன. ரோட்டு ஓரத்தில் செம்மண் நிறத்தில் நின்றன. வால் மட்டும் கறுப்பாகப் புசுபுசுவென்று இருந்தது. குரைக்கவே இல்லை. அப்பா வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. அதில் ஒன்று மூக்கைத் தூக்கி எங்க வண்டிப் பக்கம் மோந்து பார்த்தது. கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். நம்ம ஊர்த் தெருவுக்கே ராஜா மாதிரி திரிகிற டைகர், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுருண்டு கிடந்தது. பாவமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

மைசூரில் கயிற்றை இறக்கினோம். தசராவுக்காக ஊர் முழுக்க லைட் கட்டியிருந்தார்கள், ஆனால் நாங்க போனது பகல். எரியாத லைட்டைத்தான் பார்த்தோம்.

ஹுன்சூர் தாண்டி வீரனஹொசஹள்ளி கேட்டுக்கு வந்தோம். அதுதான் நாகரஹொளெ காட்டு வாசல். உள்வழியாகப் போனால் குட்டா பக்கம். அங்கே இருந்த கார்டு மாமா வயசானவர், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். டைகரைப் பார்த்ததும் அதே கேள்வியைக் கேட்டார். "ஊசி ஆகிருக்கா? சீட்டு இருக்கா?"

அப்பா, "பாப்பாதான் கூட்டிட்டுப் போனா. சீட்டு வீட்டுல இருக்கும்" என்றார். எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார் தெரியுமா? எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தச் செந்நாய் மோந்து பார்த்தது கண்முன்னாடி வந்தது.

"போடலைங்க. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. கார்டு மாமா என்னைத் திட்டவில்லை. ஊசி போடாத நாயிடமிருந்து வெறிநோய் மட்டும் இல்லை, டிஸ்டெம்பர் என்று ஒரு நோயும் காட்டு விலங்குகளுக்குப் பரவும் என்று சொன்னார். செந்நாய்க்கு வந்தால் கூட்டமே போய்விடுமாம். 2018-ல் குஜராத் கிர் காட்டில் இருபதுக்கும் மேல் சிங்கம் செத்துப்போனதையும், அதில் சிலவற்றுக்கு இந்த நோய்க்கிருமிதான் என்று கண்டுபிடித்ததையும் சொன்னார். ஆப்பிரிக்காவில் செரங்கெட்டியில் 1994-ல் இதே நோயில் ஆயிரம் சிங்கம் வரைக்கும் செத்திருக்கிறது என்று பிறகு நம்ம அறிவியல் டீச்சர் சொன்னார்கள். ஆயிரம் சிங்கம்! நான் இவ்வளவு நாள் சிங்கம், புலியிடமிருந்து டைகரை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ராத்திரி அது காட்டுக்குள் எந்தத் தண்ணீரில் வாய் வைத்ததோ, எதை நக்கியதோ.

"இந்த நாயோட உள்ரோட்டுல வேண்டாம். திரும்பிப் போய் கோணிக்கொப்பல் மெயின் ரோட்டைப் பிடிங்க. வழியில எங்கயும் நிறுத்தாதீங்க" என்று அனுப்பிவிட்டார். ஆகவே நாகரஹொளெ காட்டை நான் ஓரமாகத்தான் பார்த்தேன். அந்தச் சுற்றில் எவ்வளவு டீசல் போனது என்று அப்பா சொல்லவே இல்லை. எதுவுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. கோணிக்கொப்பலில் வண்டியை நிறுத்தி ஒரு டீயும் எனக்கு ஒரு பூரி செட்டும் சொன்னார். தட்டில் இருந்த இரண்டாவது பூரியை எடுத்துக்கொண்டுபோய் டைகருக்குப் போட்டார். அப்புறம்தான், "நாப்பது ரூபாய்க்கு என்ன வாங்கின?" என்று கேட்டார். சொன்னேன். நெயில் பாலிஷ் என்றதும் என் விரலைப் பார்த்தார். அது எப்போதோ உரிந்துபோயிருந்தது.

இருட்டிய பிறகு குட்டா போய்ச் சேர்ந்தோம். சித்தப்பாவுக்குக் கொடுத்திருப்பது ஒரு சின்ன லைன் வீடு. காப்பித் தோட்டத்துக்குள்ளேயே புலி வந்து மாட்டைப் பிடிப்பது உண்டாம். அதனால் அன்றைக்கும் கூடாரம் இல்லை. சித்தியின் கட்டிலுக்கு அடியில் டைகர், மேலே நானும் சித்தியும். ராத்திரி முழுக்க என் கை அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தது. இந்தத் தடவை முடிச்சை நான் தளர்த்தவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் அப்பா வண்டி எடுக்கவில்லை. டைகரைக் கூட்டிக்கொண்டு நானும் அவரும் கால்நடை மருந்தகத்துக்கு நடந்தே போனோம். வெறிநோய் ஊசி அங்கே போட்டார்கள். டிஸ்டெம்பர் ஊசியை வெளியே வாங்கி வரச்சொன்னார்கள், அதையும் வாங்கிப் போட்டோம். காட்டுக்குள் ஓடியதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். கீறலைச் சோப்புப் போட்டுக் கழுவி, டைகரைக் கொஞ்ச நாள் கட்டியே வைத்துக் கவனிக்கச் சொன்னார். தினமும் காலையில் அது கஞ்சி குடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்தேன். நன்றாகத்தான் குடித்தது. என் பங்கையும் சேர்த்து.

ஊசிச் சீட்டை அப்பா வண்டியின் ஆர்.சி. புக்கோடு சேர்த்து வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் எப்போது போட வேண்டும் என்று அதில் தேதி எழுதியிருக்கிறது. அந்தத் தேதியை எங்க வீட்டுக் காலண்டரிலும் நானே சிவப்பு மையில் எழுதிவிடலாம் என்று பார்த்தேன். காலண்டர் டிசம்பரோடு முடிந்துவிடுகிறது. புதுசு வரட்டும்.

(வண்டிப் படம் வரைந்தது என் வகுப்புத் தோழி. யானையை நான் வரைந்தேன், எருமை மாதிரி இருந்தால் மன்னிக்கவும்.)