பனி வயலில் ஒரு தேடல்

மாந்தர் தம் ஓய்வுநேரத்தைக் கழிக்கும் வழிகள் பலவாகும். நிழலில் அமர்ந்து இன்புறுவார் சிலர். வியர்வை சிந்தி விளையாடுவார் சிலர். விரல்கள் மரத்துப் போகும் குளிரில், ஆளரவமற்ற வயலில், காலை முதல் மாலை வரை தலைகவிழ்ந்து நடப்பதையே பேரின்பமாகக் கொள்வாரும் உளர். இங்கிலாந்தில் உலோகங்காட்டும் கருவியைக் கையிலேந்திப் பழம்பொருள் தேடுவோரே அவர்கள். வெயிலையும் மழையையும் மட்டுமே அறிந்த நாடுகளில் வாழ்வோர்க்கு இவ்வேட்கை விந்தையாகத் தோன்றுதல் இயல்பே.

குளிர்காலத்தை அவர்கள் நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. கோடையில் அந்நாட்டு வயல்களில் கோதுமையும் வாற்கோதுமையும் விளைந்து நிற்கும். விளைந்த பயிரில் கால் வைக்க எந்த உழவர்தாம் இசைவார்? அறுவடை முடிந்து, கலப்பை மண்ணைப் புரட்டிய பின்னரே நிலம் அவர்களுக்குத் திறக்கிறது. ஈரம் ஊறிய மண்ணில் கருவியின் ஒலி தெளிவாகக் கேட்கும் என்பது அவர்களது பட்டறிவு. ஆயினும், உறைபனி ஆழமாய் இறங்கிவிட்டால் நிலம் கல்லாகி மண்வெட்டியை ஏற்க மறுக்கும். மின்கலத்தின் ஆற்றலும் குன்றும். பகலோ மிகக் குறுகியது. டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். அத்தகைய குறும்பகல் ஒன்றில், 2014 டிசம்பர் 21-ஆம் நாள், பக்கிங்ஹம்ஷயர் மாவட்டத்து லென்பரோவில், ஈயத்தகட்டில் பொதிந்து வைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன.

அவர்கள் ஏந்தும் கருவி எளியது. அதன் நுனியில் உள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்து, மண்ணுக்குள் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அப்புலம் உலோகத்தைத் தொட்டதும் அதனுள் சிறு மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவற்றின் எதிர்விளைவே தேடுவோர் காதில் ஒலியாக விழுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, போலந்து நாட்டுப் பொறியாளர் யோசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கருவி, 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் கண்ணிவெடிகளைக் காட்டி வீரர்களின் உயிர்காத்தது. சாவைத் தேடிய கருவியின் வழித்தோன்றல் இன்று வரலாற்றைத் தேடுகிறது!

ஒலி கேட்கும் இடமெல்லாம் பொன் கிடைப்பதில்லை. துருவேறிய ஆணி, தோட்டாவின் பித்தளை அடி, குளிர்பானத் தகரத்தின் வளையம் ஆகியவையே பெரும்பாலும் கைக்கு வரும். ஒரு பழம் பொத்தான் கிடைத்தாலே அந்நாள் நன்னாள். அப்படியிருந்தும் மறுவாரம் அதே சேற்றில் அவர்கள் நடக்கின்றனர். பேராசை மட்டுமே உந்துமாயின், அது இத்தனை ஏமாற்றங்களைத் தாங்காது.

இவ்வேட்கையின் சிறப்பை உணர்த்த ஒரு நிகழ்ச்சி போதும். சஃபோக் மாவட்டத்து ஹாக்சன் சிற்றூரில் உழவர் ஒருவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடித்தர 1992 நவம்பர் 16-ஆம் நாள் அவருடைய நண்பர் எரிக் லாஸ் கருவியுடன் வந்தார். சுத்தியலுக்கு முன்பே வெள்ளிக் கரண்டிகளும் பொன்னணிகளும் காசுகளும் வெளிவந்தன. லாஸ் என்ன செய்தார்? தோண்டுவதை நிறுத்தினார்; நிலத்துக்குரிய மாவட்ட மன்றத்துக்கும் காவல்துறைக்கும் செய்தி சென்றது. மறுநாளே தொல்லியலார் வந்து, பொருள்கள் கிடந்த நிலை கலையாமல் அகழ்ந்தெடுத்தனர். ஏறத்தாழ 15,000 உரோமானியக் காசுகள். 200 அளவிலான பிற பொருள்கள். அவை மரப்பேழை ஒன்றில் அடுக்கப்பட்டிருந்த முறையும் அதனாலேயே தெரியவந்தது. பிரிட்டனில் உரோமரின் ஆட்சி சாயும் வேளையில், மீண்டும் வருவோம் என்று நம்பி யாரோ புதைத்த செல்வம் அது. தொலைந்த சுத்தியலும் பின்னர்க் கிடைத்து, புதையலுடன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

அப்புதையலில் தமிழர் நின்று நோக்கத்தக்கவை நான்கு வெள்ளி மிளகுச்சிமிழ்கள். அவற்றுள் ஒன்று உயர்குலப் பெண்ணின் வடிவில் அமைந்தது. உரோமானியர் விரும்பிய மிளகு தென்னிந்தியாவின் மேலைக் கடற்கரையிலிருந்து கடல் கடந்து சென்றது. யவனர் கலங்கள் முசிறிக்கு வந்ததை அகநானூறும் பேசுகிறது. சேரநாட்டு மலைச்சாரலுக்கும் குளிர்மிக்க சஃபோக் வயலுக்கும் இடையே இப்படியொரு உறவு!

1996-இல் இயற்றப்பட்ட புதையற் சட்டம், புதையல் எனக் கருதத்தக்க பொருளைக் கண்டவர் பதினான்கு நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும் என்கிறது. அருங்காட்சியகம் அதனைப் பெற விரும்பினால் உரிய விலை தரப்படும். கண்டெடுத்தவரும் நிலவுரிமையாளரும் அதனைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஆயினும் சட்டத்தை மீறுவோரும் உளர். 2015-இல் லெம்ஸ்டர் அருகே இருவர் தாம் கண்ட வைக்கிங் காலத்துப் புதையலை மறைத்து விற்றனர். 2019-இல் சிறை சென்றனர். சுமார் முந்நூறு காசுகள் இருந்திருக்கலாம் எனக் கருதப்பட்ட அக்குவியலில் மீண்டவை மிகச் சிலவே. மீண்டவற்றுள் சில, வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடும் மெர்சியா மன்னர் சேயோல்வுல்ஃபும் இணைந்து செயற்பட்டதற்குச் சான்றாயின. சிதறியவை சொல்லவிருந்த செய்தியை இனி யார் சொல்வார்? பொன்னை விலை கொடுத்து மீட்கலாம். அது மண்ணில் கிடந்த நிலையை மீட்க இயலாது.

குளிர்வயலில் தேடுவோருக்குச் சாட்சி எவருமில்லை. கையில் மண்வெட்டி, காலடியில் பன்னூற்றாண்டுச் செல்வம். அவ்வேளையில் மேலும் ஒரு பிடி மண்ணை அள்ளாமல் கையை விலக்கிக்கொள்வதற்கு, பனியைத் தாங்குவதினும் பெரிய மனவலிமை வேண்டும். அம்மனவலிமை உடையோரின் வேட்கையே நாட்டுக்கு நலம் பயக்கும்.