பிள்ளைகளை ஏசுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுக்க வாசியுங்கள். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எழுதவில்லை. கீழே கட்சிச் சண்டை வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கட பக்கத்தில் தேர்தல் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் வாயில் ஒரு வசனம் கட்டாயம் வரும். "இந்தக் காலத்துப் பொடியன்மாருக்கு ஒன்றிலும் அக்கறை இல்ல. லீவு கிடைச்சா தூக்கம், இல்லாட்டி போன்." நான் இருபது வருடத்துக்கு மேல் படிப்பிக்கிறவள். அந்தப் பொடியன்மாரில் பாதிப் பேர் என் வகுப்பில் இருந்தவர்கள். ஆகவே அவர்கள் சார்பில் கொஞ்சமும், அவர்களிடம் கொஞ்சமும் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2024 செப்டெம்பர் 21, ஜனாதிபதித் தேர்தல். வாக்களித்தோர் 79.46 வீதம். அதே வருடம் நவம்பர் 14, பாராளுமன்றத் தேர்தல். 68.93 வீதம். 2025 மே 6, உள்ளூராட்சித் தேர்தல். 62 வீதத்துக்குக் கிட்ட. எட்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் வாக்களிப்பு நிலையத்துக்கு வராமல் விட்டார்கள். இதே உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2018இல் 80 வீதத்துக்குக் கிட்ட வந்திருந்தார்கள்.

தேர்தல் கடமைக்குப் போகிற ஆசிரியர்களுக்கு இந்த எண்கள் புதினம் இல்லை. செப்டெம்பரில் காலை ஏழு மணிக்கே வரிசை. முதல் தடவை வாக்களிக்க வந்த பிள்ளைகள் விரலில் மை பூசியதும் வெளியே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். மே மாதம் பகல் இரண்டு மணிக்கு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். வந்தவர்களில் கூடுதலானோர் என் வாப்பா வயதுக்காரர்கள்.

அக்கறை இல்லாத பிள்ளைகள் என்றால் செப்டெம்பரில் மட்டும் எப்படி வந்தார்கள்?

இன்றைக்கு 23, 24 வயதில் இருக்கும் ஒரு புதுக்கடைப் பிள்ளை எதையெல்லாம் பார்த்து வளர்ந்தது என்று யோசியுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போனதைப் பார்த்தது. 2020 மார்ச் கடைசியில் இருந்து 2021 பெப்ரவரி வரைக்கும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைப் பார்த்தது. அதே காலத்தில், 2020 ஒக்டோபரில், நாங்கள் வாக்களித்து அனுப்பிய முஸ்லிம் எம்பிமார் சிலர் எதிர்க்கட்சியில் இருந்துகொண்டே 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்ததையும் பார்த்தது. 2022இல் பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. அந்த நோன்பு மாதம் காலிமுகத்திடலில் எல்லா இனத்துப் பிள்ளைகளோடும் இருந்து நோன்பு திறந்தது. ஜூலையில் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனதைப் பார்த்தது.

ஆக, அந்தப் பிள்ளைக்கு அரசியல் தெரியாது என்று சொல்ல முடியாது. நாங்கள் அந்த வயதில் பார்த்ததை விடக் கூடுதலாகப் பார்த்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அநியாயம். 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். வேட்புமனுவும் வாங்கினார்கள். பிறகு பணம் இல்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். அது பிழை, ஜனங்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதியரசர்கள் தீர்ப்புச் சொன்னது 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி. அந்தத் தீர்ப்பு வந்த கட்டடம் எங்கட வீட்டுக் கூரையில் ஏறினால் தெரியும். ஆனால் எங்கட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தத் தீர்ப்பு தெரியும்?

மாகாண சபை கதை இதைவிட மோசம். மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச் 29. சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. இடையில் 2017இல் சட்டத்தை மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், ஆதரவாக ஒருவர்கூட இல்லை. அதோடு எல்லாம் நின்றது. 28 வயதில், கலியாணம் முடித்து, பிள்ளையும் பெற்ற ஒருவர் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட மாகாண சபைக்குப் புள்ளடி போடவில்லை.

"வாக்கு உன் உரிமை" என்று வகுப்பில் குடியியற் கல்விப் பாடத்தில் நான் சொல்லிக் கொடுத்தேன். வெளியே வந்தால் அந்த உரிமையை வேண்டும்போது தருகிறார்கள், வேண்டாதபோது வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்குக் கோபம் வராதா?

யாருக்குப் போடுவது என்பதிலும் அவர்களுக்கு மனக்குறை இருக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். அதில் ஒரு பெண்கூட இல்லை. அந்தப் பெயர்களைத் தெரிவு செய்ததில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை, கட்சியின் மேல்மட்டம் முடிவெடுத்தது. அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யவே ஜனங்களிடம் முதலில் ஒரு வாக்கெடுப்பு வைக்கிறார்கள். அங்கேயும் 2024இல் அந்த வாக்கெடுப்புகளில் வென்ற பைடன் ஜூலையில் விலகிக்கொண்டார். கமலா ஹாரிஸை வேட்பாளராக்கியது கட்சிப் பிரதிநிதிகள்தான், அதற்காக ஜனங்களிடம் மறுபடி போகவில்லை. சாப்பாட்டை வேறு யாரோ தெரிவு செய்துவிட்டுப் பிறகு எங்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்பது மாதிரித்தான்.

இவ்வளவும் அவர்கள் சார்பில். இனி அவர்களிடம்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை புறக்கோட்டையில் போன் கடையில் வேலை செய்கிறான். வயது 23. மே தேர்தல் முடிந்த கிழமை ரோட்டில் கண்டேன். விரலைக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டு கையைச் சட்டைப் பையில் போட்டான்.

"டீச்சர், செப்டெம்பர்ல போட்டன். நவம்பர்லயும் போட்டன். எங்கட லேன்ல மழை பெஞ்சா தண்ணி வீட்டுக்குள்ள வாறது இன்னும் வருது. மூணாவது தரமும் போய் என்ன கிடைக்கப் போகுது?"

"மகன், அந்த லேன்ல காண் யார்ட வேலை?"

யோசித்தான். "கவர்மெண்ட்ட."

"மாநகர சபைட. நீ போடாம விட்ட மூணாவது தேர்தல்தான் அந்தத் தேர்தல்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான். "அத ஏன் டீச்சர் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல்ல? ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும் வீட்டுக்கு வீடு வந்தாங்க."

அவன் கேட்டது நியாயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் எல்லோரும் பெரிய தேர்தலையே தேர்தல் என்று நினைக்கிறோம். தேநீர்க் கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் ஒரு கோடி 36 இலட்சம் பேரில் நீ ஒருவன். வட்டாரத் தேர்தலில் உன்னோடு போட்டிக்கு இருப்பது சில ஆயிரம் பேர். காண், குப்பை, தெரு விளக்கு, தோட்டங்களில் பொதுக் கழிவறை, அப்துல் ஹமீது வீதியில் இரவுக் கடை போடுகிறவர்களுக்கு இடம், எல்லாம் அந்தச் சபைக்குக் கீழே வருகிறவை. உன் வாக்குக்குப் பெறுமதி கூடக்கூட நீ தூரப் போகிறாய். எனக்குப் புரியாதது அது ஒன்றுதான்.

கொழும்பு மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் நாங்கள் தெரிவு செய்த ஒருவர்கூட அங்கே இல்லை. அதிகாரிகள் நடத்தினார்கள். 2025 மே தேர்தலில் 117 ஆசனம். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16ஆம் திகதி மேயரைத் தெரிவு செய்ய இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. 61க்கு 54. ஏழு வாக்கு வித்தியாசம். நாட்டின் ஆகப் பெரிய நகரத்துக்கு மேயர் யார் என்பது நாலைந்து உறுப்பினர்கள் கையில் இருந்தது. அந்த உறுப்பினர்களில் கூடுதலானோர் எங்கட மாதிரி சின்னச் சின்ன வட்டாரங்களில் இருந்து போனவர்கள். வென்றவர் நல்லவரா தோற்றவர் நல்லவரா என்பது என் கதை இல்லை. இரண்டு மூன்று வட்டாரத்தில் பிள்ளைகள் எழும்பிப் போயிருந்தால் கணக்கே வேறு மாதிரி வந்திருக்கலாம், அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூராட்சி வேட்புமனுவில் 25 வீதம் 35 வயதுக்கு உட்பட்ட இளைஞர்களாக இருக்க வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. 2025 மார்ச்சில் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டதற்கு ஒரு காரணம், இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை முறைப்படி இணைக்காதது. அந்த வழக்குகளும் புதுக்கடைக்குத்தான் வந்தன. வேட்பாளரைத் தெரிவு செய்வதில் பங்கில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு உள்ளே போகக்கூடிய கதவு இதுதான். எங்கட பக்கத்தில் அந்த 25 வீதத்துக்குள் யாருடைய பெயர் போகிறது? கேட்டுப் பார்த்தீர்களா? பல இடங்களில் பட்டியலை நிரப்பத்தான் ஒரு பிள்ளையின் பெயரைப் போடுகிறார்கள்.

அடுத்தது, வாக்களிக்கும் முறை. செப்டெம்பரில் முதல் இரண்டு பேருக்கும் 50 வீதம் கிடைக்காததால் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பு எண்ணப்பட்டது. முதல் இருவரையும் தவிர மற்றவர்களுக்குப் போட்டவர்கள் 33 இலட்சம் பேர். அதில் இரண்டாவது விருப்பாக அந்த இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு இலட்சத்து 73 ஆயிரம் மட்டும். நவம்பரில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஆறு இலட்சத்துக்கு மேல். வந்தவர்களுக்கே எப்படிப் போடுவது என்று சரியாகத் தெரியவில்லை. யாருக்குப் போட வேண்டும் என்று சொல்ல எங்கட ஊரில் ஆயிரம் பேர். எப்படிப் போட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை.

பிறகு, போக விரும்பியும் போக முடியாதவர்கள். என்னிடம் படித்த ஒரு பெண் பிள்ளை குடும்பத்தோடு வெல்லம்பிட்டிக்கு மாறி மூன்று வருடம். அடையாள அட்டை இருந்தால் போதும் என்று நினைத்துக் காலையிலேயே உடுத்திக்கொண்டு போயிருக்கிறாள். இடாப்பில் பெயர் இல்லை. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். மே 6 செவ்வாய்க்கிழமை, வேலை நாள். நாலு மணிக்கு வாக்களிப்பு முடிகிறது. கடையில் நிற்கும் பொடியன்மாருக்கு முதலாளி விட்டால்தான் போகலாம். கட்டார், துபாயில் இருக்கும் என் பிள்ளைகள் விரும்பினாலும் முடியாது, அங்கிருந்து வாக்களிக்க எங்கட நாட்டில் வசதி இல்லை.

ஆகவே ஏசுவதை விட்டுவிட்டு இந்த நாலு வேலையைச் செய்வோமா?

ஒன்று. 18 வயதான பிள்ளை வீட்டில் இருந்தால், அல்லது நீங்கள் வீடு மாறியிருந்தால், இந்தக் கிழமையே கிராம உத்தியோகத்தரிடம் போய் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பிரயோசனம் இல்லை.

இரண்டு. கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு. வாக்களிக்க எழுத்தில் லீவு கேட்கும் ஊழியருக்குச் சம்பளம் வெட்டாமல் குறைந்தது நாலு மணித்தியாலம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகளே, நீங்களும் வாயால் கேட்டுவிட்டு நிற்காமல் எழுதிக் கொடுங்கள்.

மூன்று. பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும். தேர்தலுக்கு முன் ஒரு பின்னேரம், எந்தக் கட்சிக்காரரையும் கூப்பிடாமல், மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை வைத்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். ஆசிரியர்கள் நாங்கள் வந்து உதவி செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

நாலு. வென்று போன உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவரைக் கூப்பிட்டு வருடத்துக்கு இரண்டு தடவை கணக்குக் கேளுங்கள். கேள்வி கேட்கிற இடத்தில் பிள்ளைகளை முன்னால் இருத்துங்கள். தான் கேட்ட கேள்விக்கு ஒருவர் பதில் சொல்வதைக் கண்ட பிள்ளை அடுத்த தடவை தானாக வரும்.

மாகாண சபைத் தேர்தலை எப்போது வைப்பார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. வைத்தால் இடாப்பில் பெயர் இருப்பது எங்கள் கையில் இருக்கிறது. உங்கட வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பெயர் பதிவாகி இருக்கிறது என்று இன்றிரவு சாப்பிடும்போது எண்ணிப் பாருங்கள். குறைந்தால் கீழே எழுதுங்கள். எங்கே போக வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தவர்கள் பதில் சொல்லுவோம்.