கண்ணாடி மாதிரி இல்லைங்க காது மிஷின்

காது மிஷின் மாட்டின உடனே குழந்தைக்கு எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறோம். மூக்குக்கண்ணாடி மாதிரி இல்லைங்க அது.

அக்கா பொண்ணுக்கு 3 வயசு. மாட்டிவிட்டா பிடுங்கி எறிஞ்சுடுவா. வீட்டுல பிடிவாதம்னாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஃபேன், மிக்ஸி சத்தத்தைக் கண்டுக்காம இருக்க நாம பழகிட்டோம். அவளுக்கு எல்லாமே புதுசு, அதுவும் ஒரே நேரத்துல!

டிவியை அணைச்சுட்டு, அமைதியான ரூம்ல பிடிச்ச கதையோட 10 நிமிஷம்னு ஆரம்பிச்சோம். தினமும் கொஞ்சம் கூட்டினோம். மிஷின் விசிலடிச்சா மோல்டு சரியா உட்காரலைன்னு பார்ப்போம். காது வளர வளர அதையும் மாத்தணும்.

பேச்சு வர்ற வயசு, தள்ளிப்போட முடியாது. நேத்து அவளே மிஷினை எடுத்துட்டு வந்து, "மாமா, மாட்டு"ன்னா. ஆபீஸுக்கு லேட்டுதான், பரவாயில்லை :-)