இருபதாம் தேதி

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் நாங்கள் நால்வர் பணிபுரிந்தோம். எங்களுள் மூத்தவரைப் ‘பெரிய பாய்’ என்றே அழைப்போம். முப்பது ஆண்டுகளாகப் பேரேடு எழுதியவர். எந்த மண்டியிலிருந்து எத்தனை தோல் வந்தது, எவருக்கு எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் ஏட்டைப் புரட்டாமலே சொல்லுவார்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் முந்தைய மாதக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணமும் வட்டியும் உண்டு. எங்கள் மேலாளருக்கோ ஒரு வழக்கம் இருந்தது. பிழைகளை, செய்தவரின் பெயரோடு, அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசிப்பார். 15ஆம் தேதி தாண்டினால் பெரிய பாய்க்கு உணவு இறங்காது. ளுஹர் தொழுகையில் ஸலாம் கொடுத்தவுடன், துஆவுக்கும் அமராமல் எழுந்து விரைவார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். வேலை அவருக்குப் புதிது. அதைத் தெரியாது என்று சொல்லவும் அங்கு இடமில்லை. இரண்டும் சேர்ந்தே அவரை வருத்தின.

எங்கள் மூவருக்கும் அந்த மென்பொருள் தெரியும். ஆயினும் கற்றுத் தரவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம், உண்மை அதுவன்று. அவர் பெயர் வாசிக்கப்படும் வரை எங்கள் பெயர் வாசிக்கப்படாது. இதை எழுதும்போதும் வெட்கமாகவே இருக்கிறது.

ஒரு ஜும்ஆ பயானில் இமாம், பணியாளர்கள் குறித்து அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரியில் இடம்பெற்ற நபிமொழியை விளக்கினார். அவர்களின் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது என்பது நாம் அடிக்கடி கேட்டதுதான். அவ்வாறு சுமத்த நேர்ந்தால் உடனிருந்து உதவ வேண்டும் என்று அந்த ஹதீஸ் தொடர்வதை அன்றுதான் கவனித்துக் கேட்டோம். அது முதலாளிமாருக்குச் சொல்லப்பட்டது என்று வாதிடலாம்தான். திரும்பும் வழியில் எங்களுள் ஒருவரும் அப்படி வாதிடவில்லை.

மறுநாள் அஸருக்குப் பின் அவரருகில் அமர்ந்தோம். முதல் வாரம் மவுஸைத் தொடவே அஞ்சினார். “தவறா அழுத்திட்டா எல்லாம் அழிஞ்சிடாதா தம்பி?” என்பார். பேரேட்டின் வரிசையிலேயே, முதலில் கொள்முதல், பின்னர் விற்பனை, அதன் பின் வரி வரவு என ஒவ்வொரு படியையும் அவருடைய குறிப்பேட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். பிறகு அவர் வேகமாகப் பற்றிக்கொண்டார்.

மூன்றாம் மாதம், நாங்கள் தயாரித்த கணக்கில் வாட்டில் பட்டைச்சாறு வாங்கிய பில் ஒன்று இருமுறை பதிவாகியிருந்ததை அவரே கண்டார். “அந்த மாசம் ஒரு லோடுதானே இறங்கிச்சு?” என்றார். பில் எண்ணை நாங்கள் இரு விதமாகத் தட்டியிருந்ததால் மென்பொருள் அதைச் சுட்டவில்லை. அதை அவர் மேலாளரிடம் கொண்டுசெல்லவும் இல்லை. எங்களிடமே தாழ்ந்த குரலில் சொல்லித் திருத்த வைத்தார்.

பெரிய பாய் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். உரக்க வாசிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. மேலாளரிடம் இருமுறை பேசிப் பார்த்தோம். இன்ஷா அல்லாஹ், இன்னும் பேசுவோம். அவருடைய இடத்தில் கல்லூரி முடித்த இளைஞர் ஒருவர் வந்திருக்கிறார். கணினி நன்கு தெரியும், பேரேடு தெரியாது. 15ஆம் தேதி ஆனதும் அவரருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறோம்.